கலியாணக் கார்டில் விடுபட இருந்த பெயர்

அன்புள்ள மகனுக்கு,

கலியாணக் கார்டுக்குப் பெயர்களை அனுப்பச் சொல்லி இரண்டு கிழமைக்குள் நாலு தரம் போன் எடுத்துவிட்டாய். நாலாம் தரம் உன் குரலில் சூடு ஏறியிருந்தது. "அப்பா, இட்ஸ் ஜஸ்ட் நேம்ஸ். பிரிண்ட் பண்ணுறவர் எவ்வளவு நாளைக்கு வெயிட் பண்ணுவார்?" என்றாய். நான் முதலில் கண்ணாடியைக் காணவில்லை என்றேன். பிறகு கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்றேன். பிறகு அம்மாவிடம் கேட்கவேண்டும் என்றேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. கம்ப்யூட்டருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் அப்பப்பாவின் பெயரை எழுதவேண்டிய இடத்தில் என் கை நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஏன் நின்றது என்று நேரில் சொல்ல இரண்டு தரம் விட்பிக்கு வந்தேன். ஒரு தரம் உங்கள் புது வீட்டுக் கராஜில் சாமான் வைக்கத் தட்டுப் பூட்டித் தந்துவிட்டுத் திரும்பினேன். மற்றத் தரம் முன்புறத்துப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுவிட்டுத் திரும்பினேன். மருமகளாக வரப்போகிற ஹன்னாகூட "உங்கள் அப்பாவுக்கு வீட்டில் வேலை இல்லையா?" என்று உன்னிடம் கேட்டிருப்பாள். எழுத்தில் சொன்னால் நீ இடையில் மறிக்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன்.

மெதுவாக வாசி. சனிக்கிழமைக் காலைகளில் நீ போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழ அழ, ஸ்காபரோவில் இருந்த தமிழ் வகுப்புக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்காவது பலன் இருக்கட்டும். விளங்காத இடத்தில் அம்மாவைக் கேள். ஹன்னாவுக்கு நீயே சொல்லு. நீ வாசித்து முடித்த பிறகு இதே கடிதத்தை இங்கே கடைகளில் சும்மா எடுக்கக்கூடிய தமிழ்ப் பேப்பர் ஒன்றுக்கும் கொடுக்கப்போகிறேன். அப்பாவுக்கு வயதுபோய் எழுத்தாளர் ஆசை வந்துவிட்டது என்று நினைக்காதே. ஊருக்கு முன்னால் மறைத்ததை வீட்டுக்குள் மட்டும் சொல்லி முடித்தால் அது பாதிப் பொய்யாகவே இருக்கும்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் ரெக்ஸ்டேலில் ஹன்னாவின் அப்பா வீட்டில் இருந்தது உனக்கு நினைவிருக்கும். சம்பந்தி ஹெல்முட் தன் பரம்பரை விளக்கத்தைத் தொடங்கினால் கேக் காய்ந்துபோகும் என்று ஹன்னா முதலே எச்சரித்திருந்தாள். அவர் மேசையை ஒதுக்கிவிட்டு ஒரு நீளமான கடதாசிச் சுருளை விரித்தார். ஜெர்மனியில் தன் ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் புத்தகம், கலியாணப் புத்தகம், சாவுப் புத்தகம், அந்தப் பகுதிப் பண்ணைகளின் பழைய வரிப் பட்டியல்கள் எல்லாவற்றையும் மைக்ரோபிலிமில் போட்டுப் போட்டுப் பார்த்து, பென்சனுக்குப் பிறகு எட்டு வருஷமாக எழுதிய மரம். கிளைக்குக் கிளை பெட்டி, பெட்டிக்குப் பெட்டி பெயர். மாப்பிள்ளைப் பக்கத்துப் பாதி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அதை நிரப்பி உங்களுக்குக் கலியாணப் பரிசாகக் கண்ணாடி போட்டுத் தரப்போவதாகச் சொன்னார்.

அப்போது அவர் சொன்ன கதையை நீ கேட்டுச் சிரித்தாய். நான் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் பகுதியில் பெயர் ஆளுக்கு இல்லையாம், பண்ணைக்காம். எந்த ஆண்மகன் அந்தப் பண்ணைப் பெண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தாலும், அன்றைக்கே அவன் தன் தகப்பன் பெயரை வாசலில் விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொள்வானாம். இருநூறு வருஷத்துக்கு முந்தி ஒரு பண்ணைக்காரன் இளவயதில் செத்துப்போனான். கைக்குழந்தையோடு நின்ற அவன் மனைவியை, அதே பண்ணையில் கூலிக்கு நின்ற ஒருவன் கட்டினான். அதனால் அந்தக் கூலிக்காரனின் சொந்தப் பெயரை ஹெல்முட்டால் மூன்று வருஷம் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் பக்கத்துப் பண்ணைப் பிள்ளை ஒன்றின் ஞானஸ்நானப் பதிவில், ஞானத்தகப்பனாக நின்றவனின் இரண்டு பெயரையும் பாதிரியார் சேர்த்து எழுதியிருந்ததைக் கண்டு ஆளைப் பிடித்தாராம். "நான் அந்தக் கைக்குழந்தையின் வழி வந்தவன். இந்த மனுஷனின் இரத்தம் என்னில் ஒரு துளி இல்லை. ஆனால் இவரைத்தான் நடுவில் பெரிதாகப் போட்டிருக்கிறேன். இவர் இல்லையென்றால் குழந்தையும் இல்லை, பண்ணையும் இல்லை, நானும் இல்லை" என்றார். இங்கிலிஷில் அவர் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன், கூட்டிக் குறைக்கவில்லை.

பிறகு பென்சிலைத் தீட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, என் தகப்பன் அம்பலவாணர், அவர் தகப்பன் இன்னார், அவருக்குத் தகப்பன் இன்னார் என்று ஐந்து தலைமுறை சொன்னேன். நீயும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாய். பள்ளிக்கூடத்தில் வாத்தியார்மாரின் நாக்கைச் சுளுக்க வைத்த உன் கடைசிப் பெயருக்கு இவ்வளவு நீளமான வால் இருக்கிறது என்று உனக்குச் சந்தோஷம். ஹெல்முட் அதோடு விடவில்லை. அவர் பெயர்களை மட்டும் தேடுகிறவர் இல்லையே, காணியையும் தேடுகிறவர். "உங்கள் அப்பா அம்பலவாணர் எந்த வயதில் இறந்தார்?" என்று கேட்டார். எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது, காய்ச்சலில் என்றேன். "அப்படியென்றால் அதற்குப் பிறகு காணியை யார் செய்தது? காணி சும்மா நிற்காதே" என்றார். ஒரு வேலையாள் என்றேன். "பெயர்?" என்று கேட்டுப் பென்சிலைக் கடதாசியில் வைத்தார். ஞாபகம் இல்லை என்றேன்.

மகனே, அந்த வேலையாளின் பெயர் கந்தையா. என்னை வளர்த்த தகப்பன். நான் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஞாபகம் இல்லை என்று சொன்ன அந்த நேரம், அவர் வன்னியில் ஷெல்லடிக்குள் எந்தப் பதுங்குகுழியில் இருந்தாரோ, உயிரோடுதான் இருந்தாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. தை மாதத்தோடு அவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். அம்பலவாணர் செத்தபோது என் அம்மாவுக்கு இருபத்துநாலு வயது. தோட்டத்தில் புகையிலைக் கன்று நின்றது. அப்பாவின் ஆட்கள் எட்டாம் நாள் எட்டுச் செலவு முடிந்த கையோடு காணி உறுதியைக் கேட்டார்கள். கந்தையா அந்தத் தோட்டத்தில் தண்ணீர் இறைத்து, பாத்தி கட்டிக்கொண்டிருந்த ஆள். அவர் 'எங்கட ஆக்கள்' இல்லை. இந்த இரண்டு சொல்லுக்கு என்ன கருத்து என்று உனக்குத் தெரியாது. தெரியாமல் வளர்த்ததற்காக நான் என்னையே மெச்சிக்கொண்டதும் உண்டு, ஆனால் அதிலும் பாதி மறைப்புத்தான். சாதியைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் அவரைவிட வயதில் இளையவர்களும் அவரை 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள், சிரட்டையில்தான் தேத்தண்ணீர் கொடுப்பார்கள். அந்தப் போகம் முழுவதும் ஒருவரும் கேட்காமலே அவர் தோட்டத்தைப் பார்த்தார். அடுத்த வருஷம் அம்மா அவரைக் கட்டினார். ஊர் என்ன செய்யும் என்று நீயே யோசித்துக்கொள். அவர்கள் இருவரும் என்னையும் தூக்கிக்கொண்டு, ஒருவரையும் தெரியாத வன்னிக்குப் போனார்கள். குடியேற்றத் திட்டத்தில் காடு வெட்டின காணி ஒன்று கிடைத்தது. எனக்குப் பிறகு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பாய். வாய் குறைந்த மனுஷன். சிரிப்பு வந்தால் சால்வையால் வாயை மூடிக்கொள்வார். எனக்கு அம்மை போட்டபோது இருபத்தொரு நாள் என் பாயின் பக்கத்திலேயே இருந்து வேப்பிலையால் தடவியவர். காட்டு யானை வந்து வாழையை முறித்த அன்றைக்கு அதைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, நான் நின்றதைக் கண்டு வெட்கப்பட்டு, "யானையிட்டச் சொன்னனான், உனக்கில்லை" என்று எனக்கு விளக்கம் சொன்னவர். இவ்வளவு செய்தவரை நான் ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அப்பா' என்று சொல்லவேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 'இஞ்ச பாருங்கோ' என்றே வளர்ந்துவிட்டேன்.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு அம்பலவாணரின் தமையன் என்னை யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் வைத்துப் படிப்பிக்க ஒப்புக்கொண்டார். பிள்ளை எங்கட இரத்தம், ஆனால் அந்த ஆளின் பேச்சு இந்த வீட்டில் எடுபடக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. எனக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது ஒரு நாள் கந்தையா பஸ்ஸில் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றார். தலையில் ஒரு உரப்பை. அதற்குள் அரிசியும் ஒரு போத்தல் காட்டுத் தேனும். கூட நின்ற சினேகிதன் "உது ஆரடா?" என்று கேட்டான். "எங்கட காணியில வேலை செய்யிற ஆள்" என்று சொன்னேன். அவருக்குக் கேட்டது. கேட்ட அந்தக் கணமே, யோசிக்கக்கூட இல்லை, சால்வையை எடுத்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, "ஓம் தம்பியவை, அம்மா தந்துவிட்டவ, சின்னையாட்டக் குடுக்கச் சொல்லி" என்றார். எசமான் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல என்னைச் சின்னையா என்றார். தான் பெறாத பிள்ளைக்காகத் தன் கூலிக்கார வேஷத்தைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

இதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. கனடாவுக்கு வெளிக்கிடும் நாளில் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அங்கை எனக்குக் கலியாணம் பேசேக்கை ஆக்கள் விசாரிப்பினம். ஆர் கேட்டாலும் பிள்ளையள் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றேன். "ஓம் தம்பி" என்றார். உன் அம்மா வீட்டார் விசாரித்தார்கள்தான். அம்பலவாணர் மகன் என்று கேட்டுத் திருப்தியாகப் பெண் தந்தார்கள். ஒரு பொய்யை ஒரு தரம் சொன்னால் போதும் என்று நினைத்துவிடாதே. நீ அதைக் கார்டில் போடவேண்டும், பத்திரத்தில் போடவேண்டும், பிள்ளைக்குச் சொல்லவேண்டும். உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஊரிலிருந்து வந்த ஒரு போன் கோலை நீ எடுத்தாய். "உவர் ஆரப்பா? நான் சாப்பிட்டனோ எண்டு கேக்கிறார்" என்று என்னிடம் போனை நீட்டினாய். காணி பார்க்கிற ஆள் என்று உனக்கும் அதையே சொன்னேன். யுத்தம் கொஞ்சக் காலம் நின்றிருந்த அந்தச் சமாதான காலத்தில் உன் சினேகிதர் எல்லாரும் ஊருக்குப் போய்ப் படம் படமாக எடுத்துவந்தபோது நீ என்னிடம் சண்டை பிடித்தாய். லீவு இல்லை என்றேன். எனக்கு நாலு கிழமை லீவு கிடந்தது.

அதே சமாதான காலத்தில்தான் என் அம்மா செத்தார். மரண அறிவித்தலை நானே எழுதி இங்கே தமிழ்ப் பேப்பரில் போட்டேன். காலஞ்சென்ற அம்பலவாணரின் அன்பு மனைவி என்று எழுதினேன். அம்பலவாணரோடு அவர் வாழ்ந்தது மூன்று வருஷம். கந்தையாவோடு நாற்பது வருஷத்துக்கு மேல். அம்மாவுக்குக் கொள்ளி வைத்தவர் கந்தையா. அந்த அறிவித்தலில் மருமக்கள், பெறாமக்கள் என்று முப்பது பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. பாதிரியார் எழுதிய புத்தகத்தை ஹெல்முட் நம்புகிறார். நமக்கு அப்படி ஒரு புத்தகம் இல்லை, நமக்கு இருப்பது இந்த மரண அறிவித்தலும் கலியாணக் கார்டும்தான். இருநூறு வருஷம் கழித்து உன் சந்ததியில் ஒரு விசர்ப் பிடித்த பிள்ளை ஹெல்முட்டைப் போலத் தேட வெளிக்கிட்டால், நான் எழுதிய பொய்தான் அதன் கையில் அகப்படும்.

இந்த வைகாசியில் யுத்தம் முடிந்தது. நீ நாள் முழுக்க நகரத் தெருவில் ஆர்ப்பாட்டத்தில் கொடியோடு நின்றுவிட்டுக் குரல் அடைத்து வந்து எங்கள் ஸோஃபாவில் விழுந்தாய். நான் ரீவிக்கு முன்னால் ரிமோட்டோடு இருந்தேன். "நீங்கள் ஒரு நாளாவது வந்தனீங்களோ?" என்று கேட்டாய். எனக்குக் கோபம் வந்து உன்னைப் பேசினேன். ரீவியில் வந்த அகதி முகாம் படங்களில் முட்கம்பிக்குப் பின்னால் நின்ற ஒவ்வொரு கிழவரின் முகமாக நான் தேடிக்கொண்டிருந்ததை உன்னிடம் எப்படிச் சொல்வது? யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? தெரிந்த ஆட்கள் மூலம் முகாம்களில் விசாரித்தேன். கனடாவில் மகன் இருக்கிற கந்தையா என்று விசாரித்தேன். அப்படி ஒருவரும் இல்லை என்றார்கள். வெறும் கந்தையா என்றால் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்து பேர் நிற்பார்கள்.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை, பழமண்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரூஜில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து நேரே ரெக்ஸ்டேலுக்குக் காரை விட்டேன். ஏன் அங்கே போனேன் என்று எனக்கே விளங்கவில்லை. உனக்குச் சொல்வதற்கு முன் அவருக்குச் சொன்னது பிழைதான், அதற்கு என்னை மன்னித்துக்கொள். கூலிக்காரனைப் பெருமையாக நடுவில் போட்ட ஒரு ஆளை என் வாழ்க்கையில் நான் கண்டது அவரை மட்டும்தான். அவர் தக்காளிக் கன்றுக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார். நான் வேலியோரம் நின்றபடியே, "அந்த வேலையாளின் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது" என்றேன். பிறகு அழுதுவிட்டேன். அவர் முழித்துக்கொண்டு நின்றார். ஜெர்மன்காரர் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்கிற ஆட்கள் இல்லை. கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டு, உள்ளே போய்க் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஜெர்மனியில் உலக யுத்தம் முடிந்தபோது தனக்கு ஆறு வயது என்றார். தாய் தன்னையும் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த காணாமல்போனவர் பட்டியல்களில் தகப்பனைத் தேடித் திரிந்தாராம். தகப்பன் வரவேயில்லை. அதை இரண்டு வசனத்தில் சொல்லி முடித்துவிட்டு, "அவர் எந்தத் தேவாலயம்?" என்று கேட்டார். நாங்கள் சைவம், எங்கள் கோயிலில் ஆளை எழுதிவைக்கிற வழக்கம் இல்லை என்றேன். "சரி, ஆளைத் தேடவேண்டாம். பக்கத்துக் காணிக்காரனைத் தேடுவோம். தனியாக ஒருவரும் ஓடுவதில்லை, யாருக்கோ பக்கத்தில்தான் ஓடுவார்கள். வரைந்து காட்டுங்கள்" என்றார். வாய்க்காலையும் ஒழுங்கையையும் வரைந்தேன். இடப்பக்கக் காணிக்காரர் முந்தியே இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். வலப்பக்கத்தில் மரியநாயகம் குடும்பம், வேதக்காரர். ஹெல்முட் கொப்பியில் தட்டினார். "வேதக்காரர் என்றால் அவர்களுக்குப் பாதிரியார் இருப்பார். பாதிரியார் இருந்தால் எழுதியிருப்பார்."

எழுதித்தான் இருந்தார், மகனே. ஸ்காபரோவில் தமிழ்க் கத்தோலிக்கப் பூசை நடக்கிற கோயிலுக்கு நானும் ஹெல்முட்டும் போய்க் கேட்டோம். அவர்கள் வவுனியாவில் ஒரு கன்னியாஸ்திரியோடு பேசினார்கள். மரியநாயகம் ஆட்களின் பங்குப் பாதர் கடைசி வரைக்கும் தன் சனத்தோடு நடந்து போய், முகாமுக்குள் வந்த பிறகு, மிஞ்சின ஆட்களை ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் குடும்பம் குடும்பமாக எழுதி வைத்திருந்தாராம். இரண்டு கிழமையில் ஆறு பக்கம் ஃபக்ஸில் வந்தது. ஹெல்முட் தன் பூதக்கண்ணாடியோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, "இது யார்? இது யார்?" என்று கேட்டார். நாலாம் பக்கத்தில் மரியநாயகத்தின் பெயருக்கு நேரே ஒரு சிலுவைக் குறி. அவர் போய்விட்டார். மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே அதே கையெழுத்தில், 'பக்கத்துக் காணிக் கந்தையா, சைவம், வயது எண்பத்திரண்டு, பிள்ளைகள் இல்லை' என்று இருந்தது.

பிள்ளைகள் இல்லை. நான் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிறவர்கள் எல்லாம் பிள்ளையின் பெயரைச் சொல்லி எப்படியாவது வெளியே வரப் பார்க்கும் இடத்தில், யார் எழுதவந்தாலும் அவர் பிள்ளைகள் இல்லை என்றே சொல்லியிருக்கிறார். பாதரிடமும் சொன்னார், முகாம் அதிகாரியிடமும் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்ததை அத்தனை வருஷத்துக்குப் பிறகு, அத்தனை சாவுக்குள்ளாலும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஹெல்முட் அந்த வரியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, "புத்தகத்தில் பிழை இருக்கிறது. திருத்தவேண்டியவர் நீங்கள்தான்" என்றார்.

வயதானவர்களை உறவினர் பொறுப்பெடுத்தால் முகாமிலிருந்து விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். நான் அவருக்கு உறவு என்று காட்ட என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், எல்லாவற்றிலும் அம்பலவாணர். ஒரு லோயரிடம் போய்ச் சத்தியக் கடதாசி எழுதினேன். நான் அவருடைய மகன், இரண்டரை வயதிலிருந்து என்னை அவர் வளர்த்தார், இதை இதுவரை மறைத்தவன் நான் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மரியநாயகத்தின் மனைவிக்கு வவுனியாவில் ஒரு தமக்கை இருக்கிறா. அவருடைய விலாசத்தைக் கொடுத்தோம். போன கிழமை அவர்களோடு சேர்த்துக் கந்தையாவையும் வெளியே விட்டார்கள்.

உன் அம்மாவுக்கும் இந்த ஆனியில்தான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் சாதியை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சமையலறையில் நின்றபடி, "எத்தினை வருசம் அந்த மனுசன் ஆக்களிட்டை பனை ஒடியலும் பினாட்டும் கட்டிக் குடுத்துவிட்டது. காணி பாக்கிற ஆள் ஏன் எங்களுக்கு இவ்வளவு மினக்கெடுறார் எண்டு நான் யோசிக்கேல்லையே. ஒரு நன்றி சொல்லவிட்டனீங்களோ என்னை?" என்று அழுதா. நான் இத்தனை வருஷமாகப் பயந்தது உன் அம்மாவின் மனத்தைக்கூட அறியாமல்தான். நீ ஹன்னாவோடு வாழப்போகிறாய். அவள் என்ன நினைப்பாள் என்று நீயாகவே முடிவுகட்டிக்கொண்டு எதையும் ஒளிக்காதே. முதலில் அவளைக் கேள்.

என்னைப் படிப்பித்த பெரியப்பாவின் மகனுக்கும் சொல்லிவிட்டேன். "உதையேன் இப்ப கிளறுறாய்? பொடியன்ர கலியாணம் முடியட்டுமன்" என்றார். அவர் குடும்பம் வராமல் விடலாம். இன்னும் சிலரும் வராமல் விடுவார்கள். கலியாண ஹோலில் இரண்டு மேசையைக் குறைத்துவிடு. கார்டில் போடவேண்டியதை இதோடு எழுதி வைத்திருக்கிறேன். காலஞ்சென்ற அம்பலவாணர், கந்தையா ஆகியோரின் பேரன் என்று வரவேண்டும். அம்பலவாணரை எடுக்கவேண்டாம், இருபத்தொன்பது வயதில் காய்ச்சலில் போன அந்த மனுஷன் ஒரு பிழையும் செய்யவில்லை. 'காலஞ்சென்ற' அவருக்கு மட்டும்தான். பிரிண்ட் பண்ணுகிறவர் அதை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

நேற்றுக் காலை எட்டு மணிக்கு வவுனியாவுக்கு எடுத்தேன். அங்கே மாலை. மரியநாயகத்தின் மகள் போனை அவரிடம் கொடுத்தாள். காதில் எப்படி வைப்பது என்று அவள் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கேட்டது. நான் "அப்பா" என்றேன். லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். திரும்பவும் "அப்பா, நான்தான்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தம்பி, பக்கத்தில ஆரும் நிக்கினமோ? கேக்கப்போகுது" என்றார்.

"நிக்கினம் அப்பா. மனிசி நிக்கிறா. கேக்கட்டும்" என்றேன். உன் அம்மா போனைப் பறித்து என்னவோ சொல்ல வெளிக்கிட்டு, சொல்லமுடியாமல் என்னிடமே திருப்பித் தந்தா. சாப்பிட்டீங்களோ என்று கேட்டேன். சாப்பிட்டாராம். கால் கொஞ்சம் வீக்கமாம், மற்றப்படி சுகமாம். பிறகு அவராகவே கேட்டார். "பொடியனுக்குக் கலியாணமாம். இவள் பிள்ளை சொன்னவள். அவனுக்கு என்னைப் பற்றித் தெரியுமோ?"

"இல்லை அப்பா, இனித்தான் சொல்லவேணும்" என்றேன்.

"சொல்லாதை தம்பி" என்றார். "பொம்பிளை வீட்டார் ஏதும் நினைப்பினம். பொடியன்ர காரியம் வடிவா நடக்கட்டும். நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்."

நினைவு தெரிந்த நாளிலிருந்து அவரிடம் நான் கேட்டதெல்லாம் அவர் செய்தார். அவர் என்னிடம் கேட்டது இந்த ஒன்றைத்தான். அதை நான் செய்யவில்லை, மகனே. ஞாயிறு காலை எட்டு மணிக்குத் திரும்ப எடுக்கிறோம். நீயும் ஹன்னாவும் அதற்கு முன் வந்துவிடுங்கள். போனை உன்னிடம் தருவேன்.

இப்படிக்கு,
கந்தையாவின் மகன்